கோடு இல்லாத புலி

அத்தியாயம் 4

செத்துப்போனவரின் சட்டையை மேசைமேல் விரித்துவைத்துக்கொண்டு டீ குடிக்க என் அண்ணி ஒருவரால்தான் முடியும். நான் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தேன். கறுப்பு டி-ஷர்ட். முதுகுப் பக்கம் நார் நாராகக் கிழிந்திருந்தது. முன்பக்கம் எப்படியோ தப்பியிருந்தது. ஓரமெல்லாம் ரத்தம் காய்ந்து பொருக்குத் தட்டிக் கிடக்க, நடுவில் ஆரஞ்சு நிறப் பூனை ஒன்று உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. குழந்தை வரைந்த பூனை. ஒரு காது பெரிசு, ஒரு காது சிறிசு.

அந்தக் குழந்தையின் அம்மாதான் எங்கள் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கணவர், துணியில் நேரடியாகப் படம் அச்சடிக்கும் கடையொன்றில் மெஷின் ஆபரேட்டர். போன மாதம் ஒரு விடிகாலையில் ரயில் தண்டவாளத்தில் கிடந்த உடலை அவருடையது என்று முடிவுகட்டி, எரித்தும் விட்டார்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் முகம் இல்லை. கைகளும் இல்லை. அடையாளம் சொன்னவை இரண்டு: பேன்ட் பையிலிருந்த அவர் போன், பிறகு இந்தப் பூனை. கேஸை முடித்ததும் சட்டையைப் போலீஸ் அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது.

"மாமனார் பாத்தாரு. பேத்தி வரைஞ்ச படம், என் பையன்தான்னு சொல்லிட்டாரு," என்றாள். "நான் இல்லவே இல்லைன்னேன். அதிர்ச்சியில பேசுறா பாவம்னு மாத்திரை குடுத்துத் தூங்க வச்சாங்க."

"ஏன் இல்லைன்னீங்க?" என்று கேட்டார் அண்ணி.

அவள் பையிலிருந்து இன்னொரு டி-ஷர்ட்டை எடுத்தாள். அதே கறுப்பு, அதே பூனை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்தது.

"அவரோட சட்டை இதுதான் அக்கா. ராத்திரி பாப்பா இதைப் போட்டுக்கிட்டுத்தான் தூங்குவா. அன்னிக்கும் இது வீட்லதான் இருந்துச்சு. போலீஸ்ல கொண்டுபோய்க் காட்டினேன். பிரிண்ட் கடையில வேலை பாத்தவரு ரெண்டா அடிச்சிருப்பாரு, போம்மான்னுட்டாங்க."

"நியாயம்தானே? பேக்கரிக்காரர் வீட்ல ரெண்டு பன்னு இருந்தா கேஸா போடுவாங்க?" என்றேன்.

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் டீயைக் குடித்தேன்.

எங்கள் தொழில் இப்படித்தான் நடக்கிறது. அண்ணி துப்பறிவார். அவர் கணவரின் தம்பியாகிய நான் வண்டி ஓட்டுவேன், பேசக் கூடாத இடத்தில் பேசுவேன். அலுவலகம் மாடியில். கீழே பல் டாக்டர். அங்கே யாராவது கத்தும்போதெல்லாம் எங்களைத் தேடி வருகிறவர்கள் பாதிப் படியிலேயே நின்றுவிடுவார்கள். இந்தப் பெண் நிற்கவில்லை. அவளுக்குக் காது கேட்டிருக்குமா என்பதே சந்தேகம்.

அண்ணி இரண்டு சட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். வீட்டுச் சட்டையில் பூனையின் உடம்புக்குக் குறுக்கே, காதிலிருந்து கால்வரைக்கும், மெல்லிய கறுப்புக் கோடுகள் ஓடின. ரத்தச் சட்டையில் ஒரு கோடுகூட இல்லை.

"இந்தக் கோடு பாப்பா போட்டதா?"

"இல்லக்கா, மெஷின் கோளாறு. ஸ்கூல் திறந்த புதுசுல பாப்பா பூனைதான் வரைஞ்சா. அடிச்சுக் கொண்டுவந்தப்ப இப்படிக் கோடு கோடா வந்துச்சு. அவளுக்கு ஒரே குஷி, பூனை புலியாயிடுச்சுன்னு. வீட்ல இதுக்குப் பேரே புலிச் சட்டைதான்." அவள் அந்தக் கோடுகளை விரலால் நீவினாள். "போலீஸ் போன்ல காட்டின போட்டோவ பாப்பா எட்டிப் பாத்துட்டா. இது நம்ம புலி இல்லையே, யாரோட பூனைன்னு கேட்டா. அதுக்கப்புறம்தான் எனக்கு ஒரு பிடி கிடைச்ச மாதிரி இருந்துச்சு."

"என்கிட்ட என்ன எதிர்பாக்கறீங்க?"

"அவர் உயிரோட இருக்காரா இல்லையா. அதை மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் வேணாம்."

சாதாரணமாக இப்படிக் கேட்கிறவர்களிடம் அண்ணி, "பாக்கலாம்" என்பார். இன்றைக்கு, "சொல்றேன்" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தால் எந்தப் பதில் வந்தாலும் சொல்லித் தொலைக்க வேண்டுமே.

*

அச்சுக் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. நடுவில் மெஷின், பெரிய ஜெராக்ஸ் மெஷினின் அண்ணன் மாதிரி. அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் சட்டையை மாட்டி, சுருக்கமில்லாமல் நீவிவிட்டு, பட்டனை அழுத்தினால் உள்ளே போய்ப் படத்தோடு வெளியே வரும். காகிதத்துக்குப் பதில் துணி, அவ்வளவுதான். சூடாக அழுத்திக் காயவைக்கும் பிரஸ் ஒன்று மூலையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதன் இரும்பு முனையைப் பார்த்தபோது எனக்குக் காரணமில்லாமல் பின்மண்டை கூசியது.

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைத் தேடிக்கொண்டே எங்களை வரவேற்றார். புது ஆபரேட்டர் சாப்பிடப் போயிருந்தார். அண்ணி ரத்தம் தெரியாமல் மடித்து, பூனை மட்டும் தெரியும்படி சட்டையை மேசைமேல் வைத்தார். கடைக்காரர் ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தங்கமான பையன் மேடம். பையன்னு சொல்றேன், கல்யாணமாகிக் குழந்தை இருக்கு. எனக்குப் பையன்தான்."

"படத்தைச் சுத்தி, கறுப்புத் துணில கட்டம் மாதிரி மொடமொடன்னு இருக்கே, அது என்ன?"

"கறுப்புத் துணின்னா முதல்ல ஒரு மருந்து தெளிச்சு, பிரஸ்ல அழுத்திக் காயவைக்கணும். இல்லைன்னா வெள்ளை மை துணிக்குள்ள இறங்கிக் காணாமப் போயிடும். அந்தத் தடம்தான். ஒரு தடவை துவைச்சாப் போயிடும்."

"அப்போ இது ஒரு தடவைகூடத் துவைக்காத சட்டை."

"ஆமா," என்றவர், அதில் என்ன இருக்கிறது என்று என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

அண்ணி வீட்டுச் சட்டையை எடுத்தார். "இதுல மட்டும் ஏன் கோடு?"

"அந்தக் கொடுமையை ஏன் கேக்கறீங்க. கறுப்புத் துணில எந்தக் கலரும் நிக்காது மேடம். அடியில வெள்ளை அடிச்சு, அதுமேலதான் கலர். இந்த வெள்ளை மை இருக்கே, அது கனம். அடியில தங்கி, மை பீச்சற ஊசித் துளையை அடைச்சிடும். அடைச்ச துளை போற பாதையில வெள்ளை விழாது. கறுப்புக் கோடாத் தெரியும். ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாலயே ஆரம்பிச்ச தலைவலி. கறுப்பு ஆர்டரையெல்லாம் ஓரமா வச்சிட்டு வெள்ளைத் துணியா ஓட்டினோம். வெள்ளைத் துணிக்கு வெள்ளை மை தேவையில்லையே."

"இப்போ?"

"இப்போ பளிங்கு மாதிரி அடிக்குது."

"எப்போலேர்ந்து?"

கடைக்காரர் கண்ணாடியைக் கண்டுபிடித்துக் கழற்றித் துடைத்தார். "அன்னிக்குக் காலையில போலீஸ் வந்து விஷயத்தைச் சொல்லிட்டுப் போனாங்க. எனக்குக் கை காலே ஓடல. என்ன பண்றதுன்னு தெரியாம மெஷினை ஆன் பண்ணி டெஸ்ட் பேப்பர் எடுத்தேன். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். பாத்தா ஒரு கோடு இல்ல. போறதுக்கு முன்னாடி எனக்கு மெஷினைச் சரி பண்ணி வச்சிட்டுப் போயிருக்கானேன்னு உக்காந்து அழுதேன்."

"அவருக்கு அதைச் சரி பண்ணத் தெரியுமா?"

"தெரியாதுதான். தெரிஞ்சிருந்தா சர்வீஸ்காரரை எதுக்குக் கூப்பிடணும்?" சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே யோசித்தார். "முந்தின நாள் சாயங்காலம் அவர் வர்றதாத்தான் இருந்துச்சு. நான் சீக்கிரமா வீட்டுக்குப் போயிட்டேன். அப்புறம் வர முடியலைன்னு மெசேஜ் போட்டிருந்தார்."

"பேசினாரா?"

"மெசேஜ்தான். தொண்டை கட்டிக்கிச்சாம். அதுலேர்ந்து எப்போ கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேங்கறார். வெளியூர்ல இருக்கேன், தொண்டை சரியில்லைன்னு மெசேஜ் மட்டும் வருது."

"ஒரு மாசமாவா தொண்டை கட்டியிருக்கு? பாட்டுக் கச்சேரிக்கா போனாரு?" என்றேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. அண்ணியும் சிரிக்கவில்லை. ஆனால் அண்ணி என் பக்கம் திரும்பி லேசாகத் தலையசைத்தார். அது எனக்கு வருஷத்துக்கு ஒரு முறை கிடைக்கும்.

"இந்த மெஷின்ல கறுப்புச் சட்டை அடிக்க யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஆபரேட்டருக்குத் தெரியும். சர்வீஸ்காரருக்குத் தெரியும். அவ்வளவுதான்."

"மை வாங்கறது, ஊத்தறது?"

"நான் வாங்குவேன், அவன் ஊத்துவான். ஸ்டோர் சாவி அவன்கிட்டதான். ஒரிஜினல் மைதான் மேடம் வாங்கறேன், அப்புறமும் ஏன் அப்படி அடைச்சுதுன்னு இன்னிவரைக்கும் புரியல. இப்போ அதே மைதான், ஒரு தொந்தரவு இல்ல."

அண்ணி கீழே இருந்த காலி வெள்ளை மை பாட்டில்களில் தூசி படிந்த ஒன்றை எடுத்துக் கவிழ்த்தார். அடியில் சுண்ணாம்புக் கட்டி போல் ஏதோ இறுகிக் கிடந்தது. பக்கத்திலிருந்த புது பாட்டிலில் அப்படி எதுவும் இல்லை. லேபிள் இரண்டிலும் ஒன்றுதான். அவர் இரண்டையும் கீழே வைத்தார்.

"சர்வீஸ்காரருக்குக் குடும்பம் உண்டா?"

"யாருமில்ல. பையைத் தூக்கிட்டு ஊர் ஊராச் சுத்துவார். லாட்ஜ்தான் வீடு. நல்ல மனுஷன், மெஷினோட பேசிக்கிட்டே வேலை செய்வார்."

"ஆள் பாக்க எப்படி இருப்பார்?"

"நம்ம ஆபரேட்டர் உயரம், அதே உடம்பு. பின்னாலேர்ந்து பாத்து நானே மாத்திக் கூப்பிட்டிருக்கேன்," என்றார் கடைக்காரர்.

*

வண்டியில் ஏறியதும் நான் தீர்ப்பு வழங்கினேன். "கேஸ் முடிஞ்சுது அண்ணி. சர்வீஸ்காரன் வந்திருக்கான். மெஷினைச் சரி பண்ணியிருக்கான். ரெண்டு பேருக்கும் ஏதோ சண்டை. ஆபரேட்டரை அடிச்சுப் போட்டு, தண்டவாளத்துல தூக்கி வச்சிட்டு ஓடிட்டான். பேசினா மாட்டிப்போம்னு தொண்டை கட்டினதா நடிக்கிறான்."

"வந்தார், சரி பண்ணினார், அதுவரைக்கும் சரி. மெஷின் அடைச்சப்புறம்தான் பாப்பா அந்தப் பூனையையே வரைஞ்சா, ரத்தச் சட்டை அடைப்பு எடுத்தப்புறம் அடிச்சது. அதனாலதான் அதுல கோடு இல்ல. அன்னிக்கு சாயங்காலத்துக்கும் மறுநாள் விடியறதுக்கும் நடுவுலதான் அதை அடிச்சிருக்கணும். எதுக்கு அடிச்சாங்க?"

"செத்தது ஆபரேட்டர்னு காட்டறதுக்கு."

"செத்தது ஆபரேட்டரா இருந்தா அதைக் காட்டறதுக்குச் சட்டை எதுக்கு, கொழுந்தனாரே?"

பச்சை விழுந்ததைக்கூடப் பார்க்காமல் நான் சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தார்.

"அவர் உடம்புல அவர் துணி ஏற்கெனவே இருக்குமே," என்றார் அண்ணி. "மருந்து தெளிச்சு, காயவச்சு, அடிச்சு, மறுபடி காயவச்சு, பொணத்துக்கு மாட்டிவிடற வேலை எதுக்கு? வேற ஒருத்தரை அவர்னு காட்டணும்னா மட்டும்தான் அது வேணும். அந்த மெஷினை ஓட்டத் தெரிஞ்சவங்க ரெண்டே பேர். ஒருத்தர் தண்டவாளத்துல கிடந்தார். இன்னொருத்தர் அவருக்குச் சட்டை மாட்டினார்."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"ஆபரேட்டர் நல்ல மையை வெளியில வித்துட்டு, அந்த பாட்டில்ல மட்டமான மையை ஊத்தியிருக்கான். அதுதான் அடைச்சிருக்கு. சர்வீஸ்காரர் ஊசியைக் கழட்டினா முதல்ல அதுதான் கண்ல படும். முதலாளிகிட்ட சொல்லிடுவேன்னிருப்பார். கைகலப்போ, தள்ளிவிட்டானோ, அது அவன் வாயால வந்தாத்தான் தெரியும். சர்வீஸ்காரர் செத்துக் கிடந்தா முதல்ல இவனைத்தான் தேடுவாங்க. இவன் செத்துட்டா யாரும் தேட மாட்டாங்க. அந்த மனுஷனைத் தேட முதல்லயே ஆள் இல்ல."

"இவ்வளவு யோசிச்சவன் கோட்டை எப்படி அண்ணி மறந்தான்? வீட்லயே புலிச் சட்டைன்னுதானே பேரு?"

"கோடு படத்துல இல்லையே, மெஷின்லதானே இருந்துச்சு. அவன்கிட்ட இருந்த படம் பூனைதான். சரி பண்ணின மெஷின்ல அடிச்சான், பூனை வந்துச்சு. ராத்திரி பகலா கோடோட மல்லுக்கட்டினவன். பிரிண்ட் சுத்தமா வந்தா எந்த ஆபரேட்டருக்காவது தப்பு நடந்துட்டதாத் தோணுமா? கோடு விழுந்திருந்தாத்தான் ரெண்டாவது தடவை பாத்திருப்பான்."

ஆக, அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆமாம், உயிரோடு இருக்கிறார். இதைவிடக் கேவலமான ஒரு ஆமாமை நான் என் ஆயுசில் கேட்டதில்லை. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று கேட்டேன். அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "கேட்டுட்டாளே" என்றார்.

"நாம நினைக்கறது தப்பா இருந்தா?"

"அதைப் பாக்கத்தான் போறோம். அவன் கையில இப்போ இருக்கறது சர்வீஸ்காரரோட போன். தெரிஞ்ச நம்பரை எடுக்க மாட்டான். ஆனா அவனும் வயித்தைக் கழுவணுமே. தெரிஞ்ச தொழில் இந்த மெஷின்தான், கையில சர்வீஸ் பை வேற இருக்கு. புது ஆள் கூப்பிட்டா எடுப்பான். உன் போனைக் குடு."

*

அவள் வீட்டுச் சமையலறையில் ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் வாசலில் நிற்க வேண்டும். குழந்தை பள்ளிக்கூடம் போயிருந்தது. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒரு குரல் கேக்கப்போறீங்க," என்றார் அண்ணி. "என்ன ஆனாலும் நீங்க பேசக் கூடாது. முடியுமா?"

அவள் தலையசைத்தாள். அண்ணி என் போனில், கடைக்காரரிடம் வாங்கிவந்த சர்வீஸ்காரர் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, போனை அரிசி டப்பாவின் மேல் வைத்தார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் போகட்டும் என்று நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"ஹலோ, மெஷின் சர்வீஸ்."

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சார், துணி பிரிண்ட் பண்ற கடையிலேர்ந்து பேசறேன். புதுசா ஆரம்பிச்சிருக்கோம்," என்றார் அண்ணி, நிஜமான கடைக்காரி குரலில். "கறுப்புத் துணில அடிச்சாக் கோடு கோடா வருது."

"வெள்ளை அடைச்சிருக்கும்மா. பயப்படாதீங்க. நான் வர்ற வரைக்கும் பாட்டிலை நல்லாக் குலுக்கி வைங்க. வெள்ளைத் துணியா ஓட்டுங்க." நிதானமான, அன்பான குரல். பின்னால் எங்கோ டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. "நாளைக்கு மத்தியானம் வந்தாப் போதுமா?"

அண்ணி ஒரு விலாசம் சொன்னார். அவன் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டான். "சாப்பிட்டுட்டே வந்துடறேன், எனக்காக எதுவும் பண்ணிடாதீங்க," என்று சிரித்துவிட்டு வைத்தான்.

அவள் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. அவ்வளவு சந்தோஷம். "அவருதான் அக்கா. நான் சொன்னேன்ல, ஒருத்தரும் கேக்கலையே. எங்க இருக்காராம்? ஏன் வேற யாரோ மாதிரி பேசறாரு? யாரோட போன் அது?"

அண்ணி சொன்னார். எதையும் மழுப்பவில்லை, எதையும் கூட்டிச் சொல்லவும் இல்லை. சட்டையை, மையை, சர்வீஸ்காரரை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். சொல்லி முடிக்கும்போது சோறு பொங்கி அடுப்பில் வழிந்தது. நான்தான் அடுப்பை அணைத்தேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். புருஷனைத் திட்டுவாள், அல்லது எங்களைத் திட்டுவாள் என்று நினைத்தேன். போன் அரிசி டப்பாவின் மேலேயேதான் இருந்தது. நம்பரும் அதிலேயேதான் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அவன் தப்பித்துவிடுவான். அண்ணி அந்தப் போனை எடுக்கவில்லை.

"அந்த சர்வீஸ்காரருக்கு யாருமே இல்லையா அக்கா?"

"இல்லைன்னுதான் சொன்னாங்க."

"எல்லாரும் அழுதாங்க," என்றாள். "மாமனாரு, பக்கத்து வீடு, கடைக்காரரு, எல்லாரும் இவருக்காக அழுதாங்க. நான் ஒருத்திதான் கல்லு மாதிரி நின்னேன். இவர் இல்லைன்னு தெரியுமே, எதுக்கு அழணும்னு நின்னேன். அங்க கிடக்கறதும் ஒரு மனுஷன்தான்னு எனக்குத் தோணவே இல்லையே."

பிறகு அழுதாள். புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்த வீட்டில், முகம் பார்த்திராத ஒருவருக்காக, வீட்டு மனுஷரைப் பறிகொடுத்தவளாக வாய்விட்டு அழுதாள். அண்ணி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் அடுப்பில் வழிந்திருந்த கஞ்சியைத் துடைத்தேன்.

வெகுநேரம் கழித்து அவள் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். டப்பாமேல் இருந்த போனை எடுத்தாள். அதை என்னிடம் நீட்டினாள்.

"நாளைக்குப் போலீஸைக் கூட்டிட்டுப் போவீங்கல்ல?"

"போகணும்," என்றார் அண்ணி.

"நானும் வர்றேன். செத்துப்போனவர்னு அவங்களே எழுதி முடிச்ச ஆளு. யாராவது அடையாளம் காட்டணும்ல."